கணக்கு யார் பெயரில்?

செப்டம்பர் 4, 2025, வியாழன்

எங்கள் விளம்பர ஏஜென்சிக்கு ஈரோட்டிலிருந்து புது கிளையன்ட். ஆயத்த ஆடைக் கடை. பெரியவருடைய அப்பா ஆரம்பித்தது. கடையை இன்றும் பெரியவர்தான் பார்க்கிறார், ஆன்லைன் விற்பனை மருமகள் பொறுப்பு. இருவரும் காலை ரயிலில் கோவைக்கே வந்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் பெரியவர் கேட்டார்: "ஏனுங் அம்மணி, தீவாளிக்கு ஒன்றரை மாசந்தான் இருக்குது. இப்ப ஆரம்பிச்சா ஆகுமுங்களா?"

ஆகும் என்றேன். எதை வைத்து ஆரம்பிப்பது என்று பார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. மூன்று வருடமாக வேறொரு ஏஜென்சி இவர்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓட்டியிருக்கிறது. விளம்பரக் கணக்கு அந்த ஏஜென்சியின் பெயரில். இணையதளத்தில் யார் வந்தார்கள், வாங்கினார்கள் என்று பதிவு செய்யப் போட்டிருக்கும் பிக்சலும் அவர்களுடையது. கடையின் சொந்தப் பேஜில் முழு அதிகாரம் ஏஜென்சிக்கு. மருமகளால் போஸ்ட் மட்டும் போட முடியும். மாதாமாதம் வந்தது ஒரு பிடிஎஃப். ரீச் இவ்வளவு, இம்ப்ரெஷன் இவ்வளவு, கீழே பச்சை அம்புக்குறி. பில்லில் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் சேவை" என்று ஒரே வரி. மெட்டாவின் இன்வாய்ஸ் ஏஜென்சிக்கே போய்விடுவதால், கொடுத்த பணத்தில் விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, கூலி எவ்வளவு என்று இந்தக் குடும்பம் மூன்று வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மருமகள் என்னிடம் தணிந்த குரலில், "கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு கேக்கலைங்க அக்கா" என்றார். தன் பணத்துக்குக் கணக்குக் கேட்க ஒரு வியாபாரக் குடும்பம் கூச்சப்பட்டிருக்கிறது. அது எனக்கு ஆறவில்லை.

பெரியவரின் மனது வேறு இடத்தில் இருந்தது. நேற்றிரவு ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்துவிட்டது. 22ஆம் தேதி முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5%, அதற்கு மேல் 18%. இதுவரை ஆயிரத்துக்கு மேல் எல்லாவற்றுக்கும் 12% இருந்தது. விலைச் சீட்டு முழுவதையும் மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

பழைய ஏஜென்சியின் பதில் வந்தது. பேஜைத் தருவார்கள், விளம்பரக் கணக்கைத் தர மாட்டார்கள். மெட்டாவின் பிசினஸ் மேனேஜர் என்ற நிர்வாகக் கணக்குக்குள் திறந்த விளம்பரக் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற எளிய வழியும் கிடையாது. ஆகவே மூன்று வருடத்தில் எந்தப் படத்துக்கு யார் வாங்கினார்கள், எந்த ஊரில் எந்த வயதுக்காரர்கள் திரும்ப வந்தார்கள் என்ற பதிவெல்லாம் போனது போனதுதான். அதைச் சேர்க்கச் செலவானது இவர்களுடைய பணம்.

புதுக் கணக்குக்குப் பழக்கம் வரக் காலம் பிடிக்கும். மெட்டாவின் கணக்குப்படி ஒரு ஆட் செட் (ஒரே இலக்குக்கு ஓடும் விளம்பரத் தொகுப்பு) யாருக்குக் காட்டுவது என்று பழகும் 'லேர்னிங்' கட்டத்தைத் தாண்ட வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனையாவது பதிவாக வேண்டும். சின்னக் கடைக்கு அது எளிதல்ல. எனவே பட்ஜெட்டை ஏழெட்டு ஆட் செட்டாகச் சிதறடிக்காமல் இரண்டில் குவிப்பது என்று முடிவு.

மதியம் முழுக்க மருமகளுடன் திரையைப் பகிர்ந்துகொண்டு வேலை. பிசினஸ் மேனேஜர் கடையின் பெயரில். அட்மின் மாமனாரும் மருமகளும். நாங்கள் வெறும் பார்ட்னர். கார்டு அவர்களுடையது. பில்லிங் பகுதியில் அவர்கள் ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் நேராக அவர்கள் மின்னஞ்சலுக்கு. கூகுள் ஆட்ஸிலும் அதேதான்: கணக்கு அவர்களுடையது, எங்கள் மேனேஜர் கணக்கு அதோடு இணைக்கப்பட்டிருக்கும், வேண்டாம் என்றால் அவர்களே துண்டிக்கலாம். கூகுள் மேப்பில் தெரியும் கடைப் பக்கமும் யாரோ ஒருவருடைய ஜிமெயிலில் இருந்தது. உரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். இப்போது வைத்திருப்பவர் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம். எல்லாவற்றுக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு. பட்டனை எல்லாம் அவரையே அழுத்தச் சொன்னேன். நான் செய்தால் பத்து நிமிடம், அவர் செய்ததில் இரண்டரை மணி நேரம். செய்ததை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

இந்தத் தொழிலில் ஏஜென்சிகள் கணக்கைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ள எப்போதும் கெட்ட எண்ணம் காரணமல்ல. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபோது, கார்டில் தானாகப் பணம் எடுப்பது பல கிளையன்டுகளுக்கு நின்றுபோனது. ஒப்புதல் கேட்டு வரும் ஓடிபியைக் கவனிக்க ஆளில்லாத கடைகளில் விளம்பரம் பாதியில் நின்றது. அப்போது "எங்கள் கார்டில் ஓட்டிக்கொள்கிறோம், பிறகு தாருங்கள்" என்றது உதவிதான். நாளடைவில் அந்த உதவியே பிடியாகிவிட்டது. கணக்கு கையில் இருந்தால் கிளையன்ட் போக மாட்டார் என்று வெளிப்படையாகச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போர்டு எழுத வந்தவர் வாடகைப் பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதை யாராவது ஒப்புக்கொள்வார்களா?

செப்டம்பர் 11, வியாழன்

இன்னொரு கிளையன்டான வெட் கிரைண்டர் கம்பெனிக்கு மாதாந்திரத் தேடல் சொல் ஆய்வு. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நாள் இது. மனிதர்கள் உண்மையில் என்ன தட்டுகிறார்கள் என்பது இங்கேதான் தெரியும். கூகுள் விளம்பரத்துக்கு நாம் விலைக்கு எடுத்த சொல் "கிரைண்டர் விலை". வந்தவர்கள் தேடியது: கிரைண்டர் கல் கொத்துபவர், கிரைண்டர் பெல்ட், பழைய கிரைண்டர் விற்பனைக்கு, கிரைண்டர் சுத்தவில்லை ஏன், இரும்பு வெட்டும் கிரைண்டர். ஒவ்வொரு சொடுக்குக்கும் கம்பெனி காசு கொடுத்திருக்கிறது.

ஜூனியர் பையன் எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் காட்டக் கூடாத சொற்களில், போட்டுவிட்டான். பார்த்துவிட்டு "கிரைண்டர் சுத்தவில்லை"யை மட்டும் எடுக்கச் சொன்னேன். "ஏங்க்கா? ரிப்பேர் தேடறவங்கதானே?" என்றான். பழைய கிரைண்டர் நின்றுபோன வீட்டில்தான் புதுக் கிரைண்டர் வாங்குவார்கள். அந்தச் சொல்லைத் தனியாகப் பிரித்து, பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் சலுகைப் பக்கத்துக்கு அனுப்பலாம். இரும்பு வெட்டும் கிரைண்டர், கல் கொத்துபவர், பெல்ட் எல்லாம் போகட்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "மாவாட்டுற மிஷின்", "மாவு அரைக்கும் மெஷின் சின்னது" என்று தமிழிலேயே பேசித் தேடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். நம்முடைய விளம்பரம் முழுக்க ஆங்கிலத்தில். நாளைக்கே தமிழ் விளம்பரம் எழுத வேண்டும். "டில்டிங்" என்று போடாமல் "சாய்த்து மாவு எடுக்கலாம்" என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு சித்த மருந்து நிறுவனம் வந்தது. நல்ல பட்ஜெட். எங்கள் மாத வருமானத்தில் பெரிய பங்காக இருக்கும். அவர்களுக்கு வேண்டிய வாசகம்: "சர்க்கரை நோய் 90 நாளில் முற்றிலும் குணம்." கூடவே ஒரு பாட்டியின் வீடியோ, இன்சுலினை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்.

முடியாது என்றேன். 1954ஆம் வருட மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டத்தில் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் அட்டவணை இருக்கிறது. அதில் நீரிழிவும் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீடியோவைப் பார்த்து யாரோ ஒரு வீட்டில் ஊசியை நிறுத்திவிட்டால்? விளம்பரத்தை யாரிடம் கொண்டுசேர்ப்பது என்று குறி வைப்பது நான்தானே. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், சர்க்கரை பற்றித் தேடுபவர், சின்ன ஊர் என்று நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருப்பேன்.

செரிமான லேகியத்துக்கும் தைலத்துக்கும் உரிம எண்ணோடு, குணமாகும் என்ற சொல் இல்லாமல் செய்து தருகிறோம் என்றேன். யோசிப்பதாகச் சொல்லிப் போனார்கள். எங்கள் எம்.டி. இழப்பை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "சரி, விடுங்க" என்றார். அந்த "சரி"க்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

செப்டம்பர் 21, ஞாயிறு, இரவு

நாளை நவராத்திரி ஆரம்பம், புது வரியும் நாளைதான். ஈரோட்டுக்காரர்களுடன் போனிலேயே பொழுது போனது.

பெரியவரின் கணக்கைக் கேட்டு நான் வியந்துபோனேன். வரிக்கு முன் 2,600 போட்டிருக்கும் ஒரு ஷெர்வானி செட். பழைய 12 சதவீதத்தில் வாடிக்கையாளர் கொடுத்தது 2,912. நாளை முதல் 18 சதவீதத்தில் 3,068. அதையே வரிக்கு முன் 2,500 ஆக்கினால் 5% விழுந்து 2,625. "நூறு ரூவாயை நான் உட்டுப்போட்டா வாங்கறவருக்கு நானூத்திச் சொச்சம் மிச்சமாகுதுங். உட்டுப்போடலாமுங்" என்றார். எந்த விளம்பரத் தந்திரமும் இதற்கு ஈடாகாது. அந்த விலைத் தட்டை மட்டும் எடுத்துத் தனிக் கேம்பெயின் செய்கிறோம்.

1,499 ரூபாய்ச் சட்டை 1,405 ஆகிறது. கேட்டலாக்கில் விலையை மாற்றினால் விளம்பரத்திலும் தானாக மாறிவிடும். படத்துக்குள் பெரிய எழுத்தில் விலை போட்டவற்றைத்தான் கையால் மாற்ற வேண்டியிருந்தது. படத்தை மாற்றினால் லேர்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இனிமேல் இந்தக் கடைக்குப் படத்தில் விலை எழுதுவதில்லை என்று டிசைனரிடம் சொல்லிவிட்டேன்.

இரவு பன்னிரண்டு தாண்டி மருமகள் அனுப்பிய செய்தி: "எல்லாம் மாறிடுச்சுங்க அக்கா, நானே பாத்துட்டேன்." அவரே திறந்து பார்த்திருக்கிறார்.

செப்டம்பர் 25, வியாழன்

23ஆம் தேதி அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் பண்டிகை விற்பனையைத் தொடங்கின. அன்றிலிருந்து எங்கள் எல்லாக் கணக்கிலும் சிபிஎம் ஏறியிருக்கிறது. ஆயிரம் பார்வைக்கு ஆகும் செலவு அது. மெட்டாவும் கூகுளும் இடத்தை நிலையான விலைக்கு விற்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஏலம். அந்த ஏலத்தில் ஈரோட்டுக் கடையும் பெங்களூரின் பெரிய கம்பெனிகளும் ஒரே ஆளின் கண்ணுக்காக நிற்கிறார்கள்.

பெரியவர் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஏஜென்சிக் கூலி செலவின் சதவீதமாக இருந்தால் இப்படிச் சொல்ல எனக்கு மனது வந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் நாங்கள் மாதக் கட்டணமாக வாங்குகிறோம். கடையில் பில் போடும்போது சம்மதம் சொல்லி எண் கொடுத்த பழைய வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு முறையாக ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டில் ஒரு செய்தி அனுப்பலாம். ஜூலையிலிருந்து விளம்பரச் செய்திக்கு ஒவ்வொன்றாகக் காசு என்றாலும், தெரியாத ஒருவரைப் புதிதாகக் கூப்பிடுவதைவிட மலிவு. வாரம் ஒன்றுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பது என் நிபந்தனை. தொல்லை என்று தோன்றினால் பிளாக் செய்துவிடுவார்கள், அப்புறம் அந்த வீடு நமக்கு இல்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

மடிக்கணினிகளுக்குச் சந்தனம், குங்குமம். பொரி, சுண்டல். பன்னிரண்டு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டியது. நகைக் கடைக் கிளையன்டின் பேஜுக்கு "பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்" என்று மெட்டாவின் முத்திரையோடு ஒரு செய்தி. கடைப் பையன் பதறிக்கொண்டு இணைப்பைத் தொடப்போயிருக்கிறான், நல்லவேளை முதலில் எனக்குப் போன் செய்தான். மெட்டா இப்படிப் பேஜின் இன்பாக்ஸில் வந்து கடவுச்சொல் கேட்காது. விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் இந்தத் திருடர்கள் வருகிறார்கள். எல்லாக் கிளையன்ட் குழுவிலும் எச்சரிக்கை போட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மனை விற்கும் கிளையன்ட். அன்னூர் சாலையில் லேஅவுட். "லீட் எல்லாம் வேஸ்ட்டுங்க, ஒருத்தரும் போன் எடுக்கறதில்ல" என்று மூன்று வாரமாகப் புகார். லீட் என்பது விளம்பரத்தைப் பார்த்து எண் கொடுத்தவர். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை என்று தோன்றியது. காலையிலேயே அவர்கள் அலுவலகத்துக்குப் போய் அழைப்புப் பிரிவில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று பெண் பிள்ளைகள் அழைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்த லீடை இன்றுதான் எடுத்தார்கள். சனி, ஞாயிறு அவர்களுக்கு சைட் விசிட் வேலை, நேற்று முழுக்க மீட்டிங். வெள்ளி இரவு ஒன்பதரை மணிக்குப் படுக்கையில் கிடந்து ஃபார்ம் நிரப்பிய ஒரு மனிதருக்குச் செவ்வாய் காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "எந்த பிளாட்டுங்க? நான் ஒண்ணும் கேக்கலையே" என்கிறார். பொய்யில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். நடுவில் வேறு இரண்டு புரமோட்டர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியதும் இருந்தது. ஃபேஸ்புக்கின் இன்ஸ்டன்ட் ஃபார்ம் பெயரையும் எண்ணையும் தானே நிரப்பிக் கொடுக்கும்; இரண்டு தட்டில் லீட் ஆகிவிடும். அந்த எளிமைதான் எண்ணிக்கையை ஏற்றுகிறது. சரிபார்த்து அனுப்பும் வகை ஃபார்முக்கு மாற்றி, "வீடு கட்டவா, முதலீட்டுக்கா", "எப்போது இடம் பார்க்க வர முடியும்" என்று இரண்டு கேள்வி சேர்த்தோம். லீட் எண்ணிக்கை குறையும், ஒரு லீடின் விலை ஏறும் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொன்னேன். லீட் வந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் லேஅவுட் வரைபடமும் இருப்பிடமும் போகும். அரை மணிக்குள் அழைப்பு. அழைத்த பிள்ளை "ஆர்வம் உண்டு, இல்லை, எண் தவறு" என்று குறிப்பதை நாங்கள் மெட்டாவுக்குத் திருப்பி அனுப்புவோம். இயந்திரம் யாரைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் கற்றுக்கொள்ளும்.

அவர்கள் டிசைனர் செய்த புது போஸ்டரில் ரெரா (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை) பதிவு எண்ணே இல்லை. ரெரா சட்டப்படி விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். "எழுத்து சின்னதா ஓரத்தில போட்டுக்கலாமே" என்றார் முதலாளி. மனை வாங்குபவர் முதலில் சரிபார்க்க வேண்டிய ஒன்றை ஓரத்தில் ஒளித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விலைக்குக் கீழேயே படிக்கும் அளவில் வரும்.

அழைக்கும் பிள்ளைகளில் ஒருத்தி கிளம்பும்போது கேட்டாள்: "அக்கா, இந்த ஃபார்ம் போடறவங்க எந்த வெளம்பரத்தைப் பாத்துட்டு வந்தாங்கன்னு எங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. அவளுக்கு யாரும் காட்டியதில்லை. விளம்பரத்தில் "பேருந்து நிலையம் அருகில்" என்று இருப்பதே தெரியாமல் அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நாளை முதல் லீட் பட்டியலில் விளம்பரப் படமும் சேர்ந்து வரும்.

அக்டோபர் 10, வெள்ளி

கிரைண்டர் கம்பெனி கணக்காளர் காலையிலேயே அழைத்தார். ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் என்று வைத்தோம், நேற்று 3,700 போயிருக்கிறதே? கூகுள் ஒரு நாளில் அன்றாட பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம். தேடல் அதிகமான நாளில் கூட்டி, குறைந்த நாளில் குறைக்கும். மாதத்துக்கு அன்றாட பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டி வசூலிக்காது. விளக்கியதும் அமைதியானார். இதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த அழைப்பே வராது. வரவேற்புக் கடிதத்தில் சேர்க்கிறேன்.

முன்பணம் கட்டி ஓட்டும் கணக்குகளுக்கெல்லாம் இன்றே யுபிஐயில் பணம் போடச் சொன்னேன். ஞாயிறு மதியம் இருப்பு தீர்ந்து விளம்பரம் நின்றால் கவனிக்க ஆள் இருக்காது. போடும் தொகையில் 18% வரி போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு மூன்று நாள். புரட்டாசி இன்றோடு முடிகிறது. ஈரோட்டில் கடைக்குள் கால் வைக்க இடமில்லையாம். ஆன்லைனில் ஆர்டர் குறைகிறது. கூரியர் தீபாவளிக்கு முன் சேராது என்று தெரிந்துவிட்டால் யார் ஆர்டர் செய்வார்கள்? பெரியவர் பயந்துபோய் "நிறுத்திப்போடலாமுங்களா, இல்ல புதுசா நாலு வெளம்பரம் உடலாமுங்களா" என்று ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்டார்.

இரண்டும் வேண்டாம். ஆன்லைன் விற்பனை விளம்பரத்தின் பட்ஜெட்டை ஈரோடு, பவானி, பெருந்துறை, கோபி சுற்றுவட்டாரத்தில் கடைக்கு வரச் சொல்லும் விளம்பரத்துக்குத் திருப்பினோம். "இரவு 11 மணி வரை திறந்திருக்கும், பார்க்கிங் பின்புறம்." தீபாவளி வாரத்தில் மனிதர்களுக்குத் தேவையான தகவல் அவ்வளவுதான்.

இதை முதலில் சொன்னது நானல்ல. மருமகள் காலையில் தானே திரையைத் திறந்து, ஊர்வாரியாகப் பார்த்து, சென்னை, பெங்களூர் ஆர்டர் விழுந்திருக்கிறது, ஈரோடு விழவில்லை என்று எனக்கு எழுதியிருந்தார். மூன்று வருடமாக இவருக்குப் பிடிஎஃப் அனுப்பிக்கொண்டிருந்தார்களே என்று நினைத்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஈரோட்டுக் கடைக்கு ரிப்போர்ட் நாள். மெட்டா தன்னால் நடந்ததாகச் சொல்லும் விற்பனை 412. கூகுள் சொல்வது 268. இரண்டையும் கூட்டினால் 680. கடையின் இணையதளத்தில் வந்த மொத்த ஆர்டரே 455.

ஏமாற்று இல்லை. ஒருவர் செவ்வாய் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொட்டுப் பார்க்கிறார், வியாழன் கூகுளில் கடைப் பெயரைத் தேடி, விளம்பர இணைப்பிலேயே உள்ளே வந்து வாங்குகிறார். மெட்டாவின் வழக்கமான அளவு, சொடுக்கி ஏழு நாளுக்குள் வாங்கினாலும் வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினாலும் தன்னுடையது. கூகுளுக்கும் அது தன்னுடையது. 2021இல் ஐபோனில் கண்காணிப்புக்கு அனுமதி கேட்கும் முறை வந்த பிறகு இதில் ஒரு பங்கு நேரடிப் பதிவே அல்ல, மதிப்பீடு. எந்த ஏஜென்சியும் இந்த இரண்டில் பெரியதை எடுத்துப் பச்சை அம்பு போட்டு அனுப்பிவிடலாம். கிளையன்டும் மகிழ்வார்.

நான் அனுப்பும் ரிப்போர்ட் கடையின் பில் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. மொத்த விற்பனை, மொத்த விளம்பரச் செலவு, சென்ற தீபாவளிக்கு இவை எவ்வளவு. அதற்குக் கீழே, பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் சிஓடி ஆர்டர்களில் கதவு திறக்காமல் திரும்பி வந்தவை. அவற்றையும் மெட்டா விற்பனையாகவே எண்ணியிருக்கும்; போக வரக் கூரியர் கட்டணம் கடைக்குத்தான் நட்டம். அதைக் கழித்தால் சில விளம்பரங்கள் லாபமே தரவில்லை என்று தெரிகிறது. அழகான வீடியோ, ஆயிரக்கணக்கில் லைக், பாதி பார்சல் திரும்பியது. அதை நிறுத்துகிறோம்.

2,625 ரூபாய் ஷெர்வானி செட் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. ரிப்போர்ட்டில் அதற்கு எதிரே, இது பெரியவரின் யோசனை, விளம்பரத்தின் வேலை இதில் சிறியது என்று எழுதினேன்.

அக்டோபர் 30, வியாழன்

கிரைண்டர் கம்பெனி டிசம்பரிலிருந்து தாங்களே பார்த்துக்கொள்ளப் போகிறார்களாம். ஒரு பையனை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். பல வருடப் பழக்கம், வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. நோட்டீஸ் காலம் ஒரு மாதம். எங்கள் அலுவலகத்தில் ஒருவர், நெகட்டிவ் கீவேர்ட் பட்டியலும் தேடல் சொல் வகைப்பாடும் நம் உழைப்பு, அதைக் கொடுக்க வேண்டுமா என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது, உண்மைதான். ஒவ்வொரு சொல்லையும் கற்றுக்கொள்ள யாரோ ஒருவர் தவறாகச் சொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சொடுக்குக்குக் காசு கொடுத்தது கம்பெனி. எம்.டி.யிடம் கேட்டேன். "முழுசாக் கொடுத்துருங்க" என்றார்.

கணக்கு ஏற்கெனவே அவர்கள் பெயரில் இருப்பதால் மாற்றித்தர ஒன்றுமில்லை. கைமாற்றுக் குறிப்பு மட்டும் எழுதினேன்: எந்தக் கேம்பெயின் ஏன் இருக்கிறது, எதைத் தொட்டால் எது கெடும், ஆடியிலும் தை மாதத்திலும் தேடல் எப்படி மாறுகிறது, தமிழ் விளம்பரங்களில் எது ஏன் ஓடியது. "கிரைண்டர் சுத்தவில்லை" என்ற சொல்லைத் தடுத்துவிடாதீர்கள் என்று தனியாக ஒரு வரி.

மாலையில் அந்தப் புதுப் பையன் கூச்சத்தோடு அழைத்தான். கூகுளின் தானியங்கிக் கேம்பெயினான பர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்றால் என்ன, அதை நிறுத்தலாமா என்று கேட்டான். நிறுத்தாதே, முதலில் கம்பெனிப் பெயரைத் தேடுபவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டு மிச்சம் என்ன தருகிறது பார் என்றேன். திங்கள் காலை பத்தரைக்கு ஜூனியரையும் அழைத்துக்கொண்டு அவர்கள் ஆலைக்குப் போகிறோம், அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் அவன் கையாலேயே செய்யச் சொல்ல. நவம்பர் 30 அன்று எங்கள் அணுகலை எங்கே போய் நீக்குவது என்பதும் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது.